தாய்மாமன் வீட்டுக் கோடி

வெற்றிச்செல்விக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. காது இன்னும் குத்தவில்லை.

பெரம்பலூரில் அவள் படிக்கும் பள்ளியில், அவள் வகுப்பில், காதில் ஒன்றும் இல்லாத பெண் பிள்ளை அவள் ஒருத்திதான். காலையில் தலை பின்னிவிடும்போது அம்மா பரிமளாவின் விரல் அந்த மொட்டைக் காது மடல்களில் பட்டு ஒரு கணம் நிற்கும். பிறகு ரிப்பனை இறுக்கிக் கட்டுவாள்.

மாமியார் ஆண்டாயி இதைப் பற்றி எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

"நேத்து பஸ்ஸுல ஒருத்தி எம் பேத்தியப் பாத்து, 'தம்பி, செத்த நகந்து ஒக்காரு'ங்கறா. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. இன்னும் எத்தன வருசத்துக்கு இப்படியே வச்சிருக்கப் போற?"

"எங்க அண்ணன் வரட்டும் அத்தை."

"அவரு கப்பல்ல வராரு பாரு! எங்க மாமன் மச்சான் வழியில ஒனக்கு அண்ணன் மொறையில ஆளு இல்லையா? ஒரு மடி கெடைக்காமயா போயிரும்?"

"மடி கெடைக்கும் அத்தை. மாமன் கெடைக்கணுமே."

பரிமளாவின் ஊர் ஆண்டிமடம் பக்கத்தில், முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் சூசையப்பர்பட்டி. ஊர் முழுக்க வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்தவர் அண்ணன் ராஜதுரைதான். அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர், பெரம்பலூர் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து கல்லூரியில் சேர்த்தவர். அதே பெரம்பலூரில் அவள் சக்தியைப் பார்த்தாள். மக்காச்சோளக் கதிரடிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். குலசாமிக்குக் கிடா வெட்டுகிற குடும்பம். வேதமும் வேறு, சாதியும் வேறு. பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டு இருவரும் சூசையப்பர்பட்டிக்குப் போய் நின்றபோது, ராஜதுரை வாசலுக்கு வரவே இல்லை. உள்ளே இருந்தே மனைவியிடம் சொன்னார்.

"எனக்குக் கூடப்பொறந்தவ யாரும் இல்லன்னு சொல்லிடு பொன்னுத்தாயி."

எட்டு வருடமாக அந்தச் சொல் அங்கேயே நின்றது. பிள்ளை பிறந்த செய்திக்குப் பதில் வரவில்லை. முதல் பிறந்த நாளுக்கு அனுப்பிய படத்துக்கும் வரவில்லை.

இப்போது, புனித வெள்ளிக்கு முந்தைய குருத்து ஞாயிறு அன்று மாலை அவரே போன் செய்தார்.

"ராஜதுரை பேசறேன். பெரிய வெள்ளிக்கு ஊருக்கு வந்துட்டுப் போ. புள்ளயயும் கூட்டிக்க."

பரிமளா எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணே... அவரு?"

 "நீயும் புள்ளயும் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். துவைத்த துணியை மறுபடி ஊற வைத்தாள். பிள்ளைக்கு எந்தப் பாவாடை என்று எடுத்து, மடித்து, மீண்டும் வேறொன்றை எடுத்தாள்.

"ஒங்க அண்ணன் ஒரு போனு பண்ணாரு. அன்னையிலிருந்து நம்ம வூட்டுக் கொழம்புல உப்பு ரெண்டு தடவ விழுது" என்றான் சக்தி.

"ஒங்கள வரச் சொல்லலைங்க. அதான் எனக்கு..."

"அதனால என்ன? நான் என்ன பொண்ணு பாக்கவா வரேன்? கொண்டுபோய் வுடறேன். ஊரு வளைவுகிட்ட ஒக்காந்து டீ குடிச்சுட்டு இருக்கேன். நீ போயி ஒங்க அண்ணனப் பாரு, காது குத்து விசயத்தப் பேசு. வேற எதுவும் பேசாத."

வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் பைக்கில் கிளம்பினார்கள். அரியலூரை நெருங்க நெருங்க சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. சாலையோரத்துப் புளிய மரங்கள் இலையெல்லாம் வெள்ளையாக நின்றன. நடுவில் உட்கார்ந்திருந்த வெற்றிச்செல்விக்கு வாய் ஓயவில்லை.

"அம்மா, இன்னைக்குச் செத்துப்போனவரு யாரு?"

"இயேசு சாமி."

"இன்னைக்கா செத்தாரு?"

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி. ஒவ்வொரு வருசமும் இன்னைக்கு நெனச்சுக்குவோம்."

"எதுக்குக் கொன்னாங்க? திருடுனாரா?"

பரிமளா யோசித்தாள். கோயில் பாடசாலையில் கற்ற பெரிய பெரிய வார்த்தைகள் எதுவும் லாரிச் சத்தத்துக்கு நடுவில் நாக்குக்கு வரவில்லை.

"இல்ல. தச்சுவேல செய்யறவரு வூட்டுப் புள்ள அவரு. யாரு வூட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்களோ, அந்த வூட்டுல போயி ஒக்காந்து சாப்பிடுவாரு. ஊரு ஒதுக்கி வச்ச நோயாளியத் தொடுவாரு. தப்பு பண்ணிட்டா மன்னிச்சுரு, மறுபடி பண்ணாலும் மன்னிச்சுருன்னு சொல்லுவாரு. அது பெரிய மனுசங்களுக்குப் புடிக்கல."

"அவருக்குக் காது குத்துனாங்களா?"

முன்னாலிருந்து சக்தி சத்தமாகச் சிரித்தான். "கேளு கேளு. அவருக்கும் மாமன் வரலையோ என்னமோ!"

"அவங்க ஊருல அந்த வழக்கம் இல்லடி" என்றாள் பரிமளா. "ஆனா எங்க ஊருல அவருக்கு ஒரு மாமன் உண்டு."

"யாரு?"

"ஒங்க மாமாதான்."

அது உண்மைதான். வேதத்தில் இயேசுவுக்குத் தாய்மாமன் என்று யாரும் இல்லை. ஆனால் சூசையப்பர்பட்டிக்காரர்களுக்கு, தாயின் பிறந்த வீட்டுக் கோடித் துணி விழாமல் ஒரு சாவை எடுத்துப் பழக்கமில்லை. முன்னொரு காலத்தில், பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் சுரூபச் சிலையைப் பார்த்து, 'அந்த அம்மாவுக்குக் கேக்க ஒரு பொறந்த வூடு இல்லையா?' என்று ஒருவர் எழுந்தாராம். தன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்துப் போர்த்தினாராம். அவர் பரிமளாவின் பாட்டனாருக்குப் பாட்டனார். அன்றிலிருந்து அந்த வீட்டு ஆண்தான் ஆண்டவருக்குத் தாய்மாமன். அவர் கோடி கொண்டு வந்து போர்த்தாமல், சுரூபத்தைக் கிடத்தியிருக்கும் தூம்பா என்கிற பாடை நகராது. அப்பாவுக்குப் பிறகு அந்தக் கோடித் தட்டு ராஜதுரையின் கைக்கு வந்தது. ஊரிலேயே அவர் நிமிர்ந்து நடக்கும் நாள் அது ஒன்றுதான்.

சூசையப்பர்பட்டியின் நுழைவு வளைவின் அருகே சக்தி வண்டியை நிறுத்தினான். டீக்கடை பூட்டிக் கிடந்தது. பெட்டிக்கடையும் பூட்டு. பெரிய வெள்ளியன்று அந்த ஊரில் அடுப்பே எரியாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டதை நினைத்துப் பரிமளா உதட்டைக் கடித்தாள். கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலையும் உடையார்பாளையத்திலேயே பிள்ளை காலி செய்திருந்தாள்.

"பரவால்ல, போ. பெஞ்சு இருக்குல்ல?" என்றான் அவன். ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துக் காலை நீட்டிக்கொண்டான். "எட்டு வருசமா காத்திருக்கோம். இன்னும் கொஞ்ச நேரம் ஆனா என்ன?"

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வீட்டு முற்றத்தில் முந்திரிக் கொட்டைகள் காயப் போட்டிருந்தன. ராஜதுரை ஒரு கோலால் அவற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். முன்தலை நரைத்திருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி கிளறினார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேண்ணே."

அவ்வளவுதான். எட்டு வருடமாக ஒத்திகை பார்த்த எந்த வார்த்தைக்கும் இடம் கிடைக்கவில்லை. பிள்ளைதான் நேரே அவர் அருகில் போய் நின்றது.

"நீங்கதான் எங்க மாமாவா?"

கோல் நின்றது. "ஆமா. ஒம் பேரென்ன?"

"வெற்றிச்செல்வி. நீங்க இயேசு சாமிக்கும் மாமாவாமே. அப்ப அவரு எனக்கு அண்ணனா?"

ராஜதுரையின் முகம் எப்படிப் போவது என்று தெரியாமல் தவித்தது. சிரிப்பு வந்த வழியிலேயே திரும்பிப் போனது. கையை அவள் தலையில் வைத்தார். கை கீழே இறங்கிக் காது மடலில் நின்றது.

"காது என்ன சும்மா கெடக்கு?"

"மடியில வச்சுக்க ஆளு வரலண்ணே" என்றாள் பரிமளா.

அவர் கையை எடுத்துக்கொண்டார். கோலை எடுத்துக்கொண்டு முற்றத்தின் மறுகோடிக்குப் போய், ஏற்கெனவே கிளறிய இடத்தையே கிளறினார்.

அண்ணி பொன்னுத்தாய் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். முந்தின நாள் வைத்த கஞ்சியும் வேப்பம்பூத் துவையலும் எடுத்து வைத்தாள். எட்டு வருடத்துக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்த வேகத்தில்தான் அதுவும் வெளியே விழுந்தது.

"நல்லவேளை வந்த பரிமளா. இல்லாட்டி இந்த வருசம் கோடித் தட்டு மேலத்தெரு ஆளுங்க கைக்குப் போயிருக்கும்."

"எதுக்கு அண்ணி?"

"ஒனக்குச் சொல்லலையா? பழைய உபதேசியாரு இருந்த வரைக்கும் நம்ம பெரியப்பா மொறைன்னு அந்தக் கேள்விய கேக்காம வுட்டுட்டாரு. அவரு போயி இப்ப தங்கசாமி உபதேசியாரு வந்திருக்காருல்ல? மொறைய மொறையா கேக்கணும்ங்கறாரு. போன வாரம் பூசை முடிஞ்சு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு."

எந்தக் கேள்வி என்று பரிமளாவுக்குத் தெரியும். சிறுமியாக அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறாள். கோடி என்பது அண்ணன் தங்கைக்குச் செய்யும் முறை. அதனால் கூடப்பிறந்தவளோடு பகையாக இருப்பவன் அதைத் தொடக்கூடாது. கோயில் முறைகளைக் கவனிக்கும் உபதேசியார் கேட்பார்: பொறந்தவளோட சமாதானமா? அப்பா தன் தங்கையைக் கூட்டத்தில் தேடிக் கையைக் காட்டுவார். அத்தை தலையை ஆட்டுவாள்.

கையில் இருந்த கஞ்சியைக் கீழே வைத்தாள். அவளைக் கூப்பிடவில்லை. தலையாட்ட ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்.

எழுந்து பைக்கு வரைக்கும் ஓடிவிடலாமா என்று இருந்தது. எழுந்தாள். உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே பார்த்தாள். முற்றத்தில் வெற்றிச்செல்வி தன் பாவாடை நிறைய முந்திரிக் கொட்டைகளை அள்ளி ராஜதுரையின் முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர், "அது சொத்தைடி, அத வெளிய போடு" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் குரலில் இருந்த அந்த மென்மையைப் பரிமளா மறந்தே போயிருந்தாள். அவளுக்குத் தலைவாரிவிட்ட காலத்துக் குரல் அது.

ஒரு தலையாட்டல்தானே. ஆட்டிவிட்டால் இந்த வீட்டு வாசல் திறந்துவிடும். பிள்ளைக்கு மாமன் கிடைப்பார்.

பிற்பகலில் கோயில் முற்றம் நிறைந்துவிட்டது. அனலில் பந்தல் கீற்று சுருண்டது. கோயில் மணிகள் வாய் கட்டிக் கிடந்தன. மணிக்குப் பதில் ஒருவர் மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த வறட்டு ஓசை பரிமளாவின் மார்புக்குள்ளேயே தட்டுவது போலிருந்தது. நடுவே உயரமான சிலுவையில் பாடுபட்ட சுரூபம். கருப்பு உடுத்திய பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வீட்டுச் சாவில் பாடுகிற அதே மெட்டு. 'வயித்துல சொமந்த புள்ள, வெயிலுல காயிறியே' என்று ஒரு குரல் எழுந்தபோது, பக்கத்தில் நின்ற வெற்றிச்செல்வி அவள் சேலையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டாள்.

பங்குச் சாமியார் சிலுவையில் ஆண்டவர் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தார். தாகமாயிருக்கிறது என்று ஆண்டவர் சொன்ன இடம் வந்தது.

 பூட்டிய டீக்கடையின் பெஞ்சு பரிமளாவின் கண்ணுக்குள் வந்தது. இந்நேரம் நிழல் நகர்ந்திருக்கும். சக்தியின் முகத்தில் வெயில் விழும். ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கலாம்தான். ஆனால் கேட்கமாட்டான். இந்த ஊரில் எட்டு வருடத்துக்கு முன் ஒரு வாசலில் நின்றவன் அவன்.

ஏன் நான் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை? அண்ணன் என்ன நினைப்பாரோ என்று பயந்தேனா? யாரும் உட்காராத வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவரைப் பற்றி காலையில் பிள்ளைக்குச் சொன்னது நான்தானா?

சுரூபத்தை இறக்கினார்கள். கையிலும் காலிலும் இருந்த ஆணிகளை மெதுவாகக் கழற்றி, தோளில் தாங்கி, தூம்பாவில் கிடத்தினார்கள். கட்டை ஓசை நின்றது. கூட்டம் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

உபதேசியார் தங்கசாமி முன்னால் வந்தார். ஒல்லியான மனிதர். குரல் மட்டும் கனமானது.

"மாதாவுக்குப் பொறந்த வூடு யாரு?"

"நாங்க" என்றார் ராஜதுரை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கையில் தட்டு. தட்டில் மடிப்புக் கலையாத கோடித் துணி, மல்லிகை, சந்தனம்.

"பொறந்தவளோட சமாதானமா?"

ராஜதுரை பரிமளாவின் பக்கம் கையைக் காட்டினார். ஊரே திரும்பியது. அவர் முகத்தில் ஒரு கெஞ்சல் தெரிந்தது. தன்னிடம் அண்ணன் ஒரு நாளும் கெஞ்சிப் பார்த்ததில்லை அவள். தலை தானாகவே ஆடப் போனது; நிறுத்திக்கொண்டு உபதேசியாரைப் பார்த்தாள்.

"எங்கிட்ட பேசிட்டாருங்க" என்றாள்.  "எம் புள்ள தலையத் தொட்டுட்டாரு. ஆனா எங்க வூட்டுக்காரரு வளைவுகிட்ட காலையிலேருந்து வாயில ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம ஒக்காந்திருக்காரு. அவர அங்க வுட்டுட்டு நான் மட்டும் வந்து சமாதானம்னு எப்படிங்க சொல்லுவேன்?"

முற்றம் சலசலத்தது. "இதுக்குத்தான் அவளக் கூப்புட வேணாம்னேன்" என்றது ஒரு குரல். "மேலத்தெருவுல கோடி எடுத்து ரெடியா வச்சிருக்கு உபதேசியாரே" என்றது இன்னொன்று.

ராஜதுரையின் முகம் கறுத்துப் போனது. தாடை இறுகியது. தூம்பாவில் கிடந்த சுரூபத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். நேரே பரிமளாவிடம் வந்து தட்டை அவள் கையில் திணித்தார்.

"புடி."

 கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார். வெற்றிச்செல்வி அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு, "மாமா, நானும்!" என்று பின்னாலேயே ஓடினாள்.

 கோயில் தெரு முனையில் பாதை பிரியும். இடப்பக்கம் திரும்பினால் வீடு. நேரே போனால் வளைவு. பந்தல் காலும் கூட்டமும் மறைத்ததில் அவர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. பரிமளா எக்கிப் பார்த்தாள். தட்டு சாய்ந்து மல்லிகை சரிந்தது. அவசரமாகப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்தது என்று நினைத்தாள். இனி அந்த வாசல் திறக்காது. பேசாமல் தலையாட்டியிருக்கலாம். காது குத்தை மட்டும் பேசு, வேறு எதுவும் பேசாதே என்று சக்தியும் சொன்னானே.

"சாமி, இருட்டறதுக்குள்ள பவனி முடியணும்" என்றார் யாரோ.

பங்குச் சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். தங்கசாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி, காணிக்கை கொண்டு வரும்போது மனத்தாங்கல் ஞாபகம் வந்தா, அத அப்படியே வச்சுட்டுப் போயி மொதல்ல சமாதானமாயிட்டு வான்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. அவன் வச்சுட்டுப் போயிருக்கான். எங்க போயிருக்கான்னு தெரியாம நாம எப்படி எடுக்கறது? செத்த நேரம் இருப்போம்."

"கோவிச்சுக்கிட்டு வூட்டுக்குப் போயிருப்பான்யா."

"போயிருந்தா மேலத்தெருக் கோடி வரட்டும். மொதல்ல பாப்போம்."

கூட்டத்தில் சிலர் உட்கார்ந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது. பொன்னுத்தாய் பரிமளாவின் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று பரிமளா நினைத்தாள். அவளோ சரிந்த மல்லிகையை எடுத்து நேராக்கிக்கொண்டு, காதோடு சொன்னாள்.

"இந்த மனுசன் செருப்புக்கூடப் போடாமப் போயிருக்காரு. வூட்டுக்குப் போறதுன்னா கோயில் வாசல்ல வுட்ட செருப்ப எடுத்துருக்க மாட்டாரு?"

பரிமளா வாசலைப் பார்த்தாள். தேய்ந்த அந்தச் செருப்பு ஓரமாகக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபத்தில் போகிறவனும் செருப்பை மறப்பான். எதையும் நம்பத் தோன்றவில்லை. கை மாற்றிக் கை மாற்றித் தட்டைப் பிடித்தாள். பந்தல் நிழல் தூம்பாவைத் தாண்டி நீண்டது. சுரூபத்தின் பாதத்தில் ஆணி இருந்த துளையில் வெயில் விழுந்தது. புதுத்துணி இல்லாமல் அது கிடந்த கிடை அவளுக்குப் பொறுக்கவில்லை. யாராவது போர்த்துங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் தெரு முனையில் பிள்ளையின் குரல் கேட்டது.

முதலில் வந்தது வெற்றிச்செல்விதான். மூச்சு வாங்க ஓடி வந்து, ஊரே கேட்க அம்மாவிடம் ஒப்பித்தாள்.

"அம்மா, மாமா அப்பாவ எந்திரிங்கன்னாங்க. அப்பா, ஒங்க கோடிக்கு நான் எதுக்கு, நீங்க போங்கன்னுட்டாங்க. மாமா, எந் தங்கச்சிய திருடிக்கிட்டுப் போனவன்தானடான்னு திட்டுனாங்க. அப்பாவும் திட்டுனாங்க. அப்புறம் மாமா பெஞ்சுல ஒக்காந்து அழுதாங்க. அப்பா, அழுவாதீங்க மச்சான்னாங்க. அப்புறம் மாமா பக்கத்து வூட்டு ஆயாகிட்ட சொம்பு வாங்கி அப்பாவுக்குத் தண்ணி குடுத்தாங்க. அப்பா ரெண்டு சொம்பு குடிச்சாங்க!"

துக்க நாளில் சிரிக்கக் கூடாது என்பதால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ராஜதுரை வந்தார். வெறுங்காலில் செம்மண். கண் சிவந்திருந்தது. அவருக்குக் கொஞ்சம் பின்னால் சக்தி. ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். கோயில் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான். உள்ளே வரலாமா என்பது போலப் பரிமளாவைப் பார்த்தான். அவளுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

தங்கசாமி உபதேசியார் விடவில்லை. முறை முறைதான் என்கிற மனிதர்.

"ராஜதுரை, பொறந்தவளோட சமாதானமா?"

ராஜதுரை சக்தியைப் பார்த்தார். சக்தி நிலத்தைப் பார்த்தான்.

"பொய் சொல்லக் கூடாதுங்க, இன்னைக்கு" என்றார் ராஜதுரை. "கோடிக்காகத்தான் அவளக் கூப்புட்டேன். இப்பவும் முழுசா சமாதானம்னு சொல்ல முடியல. மனசுல இன்னும் கெடக்கு. பாதி ஆயிருக்கு."

"பாதியா?"

"பாதி."

உபதேசியார் சாமியாரைப் பார்த்தார். இதற்கு முறையில் பதில் இல்லை. சாமியார் மெல்லத் தலையசைத்தார்.

"பாதியோட எடு" என்றார் தங்கசாமி. "மீதிய ஞாயித்துக்கெழம ஆண்டவரு உயிர்க்கறதுக்குள்ள முடிச்சுரு."

பரிமளா தட்டை நீட்டினாள். ராஜதுரை கோடித் துணியை எடுத்து உதறினார். புதுத்துணியின் கஞ்சி வாசனை எழுந்தது. ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனை கீழே தொங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் பரிமளாவுக்குப் புரிந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்தாள். அண்ணனும் தங்கையுமாகச் சுரூபத்தின் மேல் அதைப் போர்த்தினார்கள். கட்டை ஓசை மீண்டும் தொடங்கியது. பெண்கள் குரலெடுத்து அழுதார்கள்.

பவனி தெருவுக்குள் இறங்கியது. தாய்மாமன் முன்தோள் கொடுத்தார். அவள் தூம்பாவை ஒட்டி நடந்தாள். சக்தி கூட்டத்தின் ஓரமாக, இன்னும் யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவன் போல ஒதுங்கி வந்தான். பாதி என்று அண்ணன் சொன்னதே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளால் தூங்க முடியாது.

"அண்ணே."

"ம்."

"காது குத்து அவங்க குலசாமி கோயில்லதான். கருப்பண்ணன் கோயிலு. அத மாத்த அத்தை ஒத்துக்க மாட்டாங்க. அங்க வந்து மடியில வச்சுப்பியா?"

 தூம்பாவின் தண்டு அவர் தோளில் அழுந்தியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மாதா சிலை இருக்கும் குகை போன்ற கெபி வந்தது. தோள் மாற்றும் இடம். அவர் பின்னால் நின்ற உறவுக்காரர்கள் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கண்ணை ஓட்டினார்.

"மாப்ள" என்றார். "அங்க என்ன வேடிக்க? வந்து தோள் குடு."

சக்தி திகைத்து நின்றான். பிறகு ஹெல்மெட்டைப் பரிமளாவின் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்க் குனிந்தான். தண்டு ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியது. யாரோ என்னவோ சொன்னார்கள். கட்டை ஓசையில் அது கேட்கவில்லை.

காலியான தோளைத் தேய்த்துக்கொண்டு ராஜதுரை தங்கையின் பக்கத்தில் நடந்தார். நடக்க முடியாமல் பின்தங்கிய வெற்றிச்செல்வியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவள் தூக்கக் கலக்கத்தில் அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். மொட்டைக் காது அவர் கன்னத்தில் பட்டது.

வெகு தூரம் நடந்தார்கள். முந்திரிக் காட்டு ஓரத்தில் பவனி திரும்பும்போது அவர் கேட்டார்.

"அந்தக் கருப்பண்ணன் கோயிலு எங்க இருக்கு?"

"குன்னம் பக்கத்துலண்ணே. உள்ள தள்ளி."

அவர் பிள்ளையை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"பஸ் போவுமா?"